புளிப்பை விட்டுவிட்டேன், தம்பி

திருவானைக்கோவில்
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் நீ அனுப்பிய வாழைப்பழ ரொட்டிப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் களியாக அடைத்துக்கொண்டு, மேலே எழும்பாமல் கிடந்தது. சோப்பு வாசனை வருகிறது, பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றாய். இவனுக்குக் கைப்பக்குவம் வராது என்று அப்பாவிடம்கூடச் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் தப்பு என்மேல்தான். போனில் சொன்னால் பாதி கேட்டுவிட்டு மீதிக்குச் சரி சரி என்பாய், அதனால் எழுதுகிறேன்.

நான் இங்கே செய்தது பூவன் பழத்தில். காந்தி மார்க்கெட்டில் ஒரு சீப்பு வாங்கினால், தோல் கறுத்து உதிர்ந்த பழம் நாலைக் கடைக்காரர் சும்மாவே தூக்கிப் போடுவார். பூவன் எவ்வளவு கனிந்தாலும் நாக்கில் ஒரு புளிப்பு நிற்கும். சமையல் சோடா பொங்க அந்தப் புளிப்பு வேண்டும். அதனால் நான் தனியாக எதுவும் சேர்க்காமலே ரொட்டி எழும்பியது, உனக்கும் அப்படியே சொல்லிவிட்டேன். ஜெர்மனியில், டிரெஸ்டன் கடையில் உனக்குக் கிடைப்பதோ நம் மோரிஸ் வகை. இனிப்புதான் தூக்கலாக இருக்கும். புளிப்பு போதாமல் மிச்சமாகிப் போன சோடாதான் உனக்குச் சோப்பு மாதிரி அடித்திருக்கிறது. நீ வேறு ஸ்பூனில் கூம்பாக அள்ளிப் போட்டேன் என்கிறாய்.

முன்பு முட்டையில்லாத கேக்குக்கு நான் தயிர் ஊற்றுவேனே, அதற்கும் இதே வேலைதான் என்று இப்போதுதான் உறைக்கிறது. தயிர் சாதத்தில் வளர்ந்த பிள்ளை, பால் தயிர்கூடத் தொடாத வீகன் ஆகிவிட்டேன் என்றதும் இரண்டு நாள் உன்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை நான். சரி, அது போகட்டும். தயிர் இருந்த இடத்தில் இனி ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர். எலுமிச்சைச் சாறும் ஆகும். வினிகர் வாங்கும்போது பாட்டிலைப் படித்துப் பார். 5 சதவீதம் என்று போட்டிருந்தால் சமையலுக்கு. 25 சதவீதம் என்றிருந்தால் அது எசென்ஸ், அப்படியே ஊற்றிவிடாதே, கையும் வாயும் புண்ணாகும். அப்புறம், நாட்ரோன் என்று எழுதிய பொட்டலம்தான் நம் சமையல் சோடா என்று அக்கா பார்த்துச் சொன்னாள். பாக்புல்வர் என்பது பேக்கிங் பவுடர், அதில் புளிப்பும் சேர்ந்தே வரும். ஒன்றுக்கு இன்னொன்றை அதே அளவில் போடக்கூடாது.

அளவு இதுதான். நன்றாகக் கறுத்த பழம் மூன்று, தோல் நீக்கி 300 கிராம் வரும்படி. அதை முள்கரண்டியால் மசித்து, 100 கிராம் சர்க்கரை, 80 மில்லி எண்ணெய், வினிகர் எல்லாம் கலந்து வை. இன்னொரு பாத்திரத்தில் மைதா 200 கிராம், தலை தட்டிய ஒரு டீஸ்பூன் சோடா, ஒரு சிட்டிகை உப்பு. பாதி மைதாவுக்குப் பதில் கோதுமை மாவு போட்டாலும் நன்றாக இருக்கும், கொஞ்சம் தண்ணீர் தெளித்துக்கொள். பட்டை இருந்தால் தட்டிப் போடு, இல்லாவிட்டால் குடி முழுகாது.

ஓவனை முதலில் 180 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். சேர்த்த நிமிஷமே பொங்க ஆரம்பித்துவிடும். பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு யாரோடாவது போன் பேசப் போனாயானால் காற்றெல்லாம் போய்விடும். வடை மாவு மாதிரி போட்டு அடிக்காதே. உலர்ந்த மாவு கண்ணில் படாத வரைக்கும் கிளறினால் போதும், சின்னக் கட்டி இருந்தால் இருக்கட்டும். அடிக்க அடிக்க மாவு இழுபட்டு ரப்பராகிவிடும். சப்பாத்திக்குத்தான் அந்த இழுவை வேண்டும். உடனே டின்னில் ஊற்றி ஓவனில் வை. 50 நிமிஷம் ஆகும், 45லேயே நடுவில் ஒரு குச்சியைக் குத்திப் பார். ஒட்டாமல் வந்தால் எடுத்து ஆறவிடு. சூட்டோடு வெட்டினால் வெந்ததுகூட வேகாதது மாதிரிதான் தெரியும். போன தடவை நீ அதையும் செய்திருப்பாய், உன் அவசரம் எனக்குத் தெரியாதா.

என்னிடம் ஓவன் ஏது? பழைய அலுமினியக் குக்கர்தான். கேஸ்கெட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் கல்லுப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு. தண்ணீர் கிடையாது. பத்து நிமிஷம் காயவிட்டு டின்னை உள்ளே வைத்து, சிறு தீயில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். மேல்பக்கம் உன் ஓவனில் வருகிற மாதிரி சிவக்காது. கேஸ் தவிர 50 ரூபாய்க்குள் அடங்கிவிட்டது. நீ அங்கே காபிக் கடையில் ஒரு துண்டுக்குக் கொடுத்த காசைச் சொன்னபோது அப்பா ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு வெகு நேரம் பேசவே இல்லை.

நேற்று மோரிஸ் பழம் வாங்கி, வினிகர் ஊற்றி இங்கேயும் செய்து பார்த்தேன். உன் ஊர்ப் பழத்தில் வருகிறதா என்று தெரியாமல் இன்னொரு தடவை உனக்குச் சொல்லக்கூடாது இல்லையா. எழும்பியது, வாசனையும் சரி. படம் எடுக்க வைத்திருந்த ஓரத் துண்டை அப்பா டீயில் நனைத்துச் சாப்பிட்டுவிட்டார். நீ செய்ததும் வெட்டிய பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் அனுப்பு.

அன்புடன்
அம்மா