மூடுபனி வந்தால் திரும்பி வந்துவிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இதழில் நம் மலையகத்து ஹோர்ட்டன் சமவெளிப் பயணம் பற்றிய கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். போகும் வழி, கொண்டுபோக வேண்டிய குளிர் உடுப்பு எல்லாம் உபயோகமாகவே இருந்தன. ஒரு வரிதான் மனதை உறுத்துகிறது. ஒன்பது மணிக்கு முன் 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பள்ளத்தின் விளிம்புக்குப் போய்விட வேண்டும், அதற்குப் பிறகு மூடுபனி எல்லாவற்றையும் மறைத்துவிடும், போனது வீணாகிவிடும் என்று எழுதியிருந்தார்கள்.

போன மாதம் என் பேத்தியோடு அங்கே ஒரு முழு நாள் இருந்துவிட்டு வந்தவன் நான். நாங்கள் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் மூடுபனிக்குள் பார்த்தவை. அதனால்தான் எழுதுகிறேன்.

நானுஓயாவிலிருந்து விடிவதற்கு வெகுமுன்பே வான் வண்டியில் கிளம்பி, அம்பேவலை, பட்டிப்பொலை வழியாக ஆறு மணிக்கு வாசலுக்குப் போய்விட்டோம். உள்ளே போனதும் பாதையோரத்தில் அரெங்கா குளம் என்று ஒரு சின்னக் குளம். பெரும்பாலான வாகனங்கள் அதைக் கவனிக்காமலே போய்விடும். எங்கள் ட்ரைவர் தம்பி அங்கே நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "கொஞ்ச நேரம் பேசாம இருங்க சேர்" என்றார். குளிரில் விரல்கள் மரத்துப்போயின. கால் மணி நேரம் கழித்துக் குளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து மெல்லிய, கூரான ஒரு சீட்டிச் சத்தம் வந்தது. பிறகு கரையோரம் கருநீலத்தில் ஒரு பறவை வந்து இறங்கியது. தோளில் மட்டும் பளிச்சென்று ஒரு நீலம். இலங்கைச் சீகாரப் பூங்குருவி. இலங்கையின் மலைக்காட்டைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத இனம் இது. விடியும்போதும் இருட்டும்போதும்தான் இப்படி வெளியே வரும். வெயில் ஏறிய பிறகு வருகிறவர்களுக்கு அதைக் காணும் வாய்ப்புக் குறைவு.

வாகனத் தரிப்பிடத்தில் மரை என்ற பெரிய மான்கள் நின்றன. கொம்புள்ள பெரிய மரை ஒன்று ஒரு வானின் ஜன்னலுக்குள் தலையை நீட்டியது. உள்ளே இருந்தவர்கள் பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பாண் போட்டு வந்த பொலித்தீன் பை கீழே விழுந்ததும் அது அதையும் வாயில் கவ்வியது. பேத்தி ஓடிப்போய்க் கத்தியதில் கீழே போட்டுவிட்டது. எங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற வாசகர்களைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்: மரைக்கு எதுவும் கொடுக்காதீர்கள். புல் தின்னப் பிறந்த மிருகம் அது. நடைபாதை தொடங்கும் இடத்தில் ஊழியர்கள் பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை வாங்கிக்கொள்கிறார்கள். அதற்காகச் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர்கள் கைகளைப் பிடித்து நன்றி சொல்லத் தோன்றியது.

எல்லோரும் உலக முடிவை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்கள். நாங்கள் அவசரப்படவில்லை. புல்வெளி முடிந்து காடு தொடங்கும் இடத்தில் பேத்தி சட்டென்று நின்று, "தாத்தா, இந்தக் குச்சிக்குக் கண் இருக்கு" என்றாள். பாசி படிந்த கிளையில் ஒரு கொம்பு ஓணான். மூக்கின் நுனியில் காண்டாமிருகத்துக்கு இருப்பது போல வெள்ளையாக ஒரு கொம்பு. அதுவும் நம் மலைக்கே உரியது. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்றோம். அது நகர்ந்தது இரண்டே அடிதான். இதே காட்டில் முட்டையிடாமல் குட்டி போடும் சிறு ஓணான் ஒன்றும் உண்டு. அன்று அது எங்கள் கண்ணில் படவில்லை.

ஒன்பதரைக்கு மூடுபனி வந்தது. பள்ளத்திலிருந்து எழும்பி, புல்வெளியைத் தாண்டி, மரங்களுக்குள் நுழைந்தது. அப்போதுதான் நான் இத்தனை வருடம் சரியாகப் பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். வெட்டவெளியில் நின்றபோது எங்கள் உடுப்பு இலேசாக ஈரமானது, அவ்வளவுதான். காட்டுக்குள் நாலு அடி வைத்ததும் மழை போலச் சொட்டியது. மழை இல்லை. குடை பிடித்தது போன்ற கீன மரங்களின் இலைகளும், கிளைகளில் தொங்கும் பாசியும், தாடி போல மரத்தில் படரும் லைக்கனும் காற்றோடு போகிற முகிலைப் பிடித்து நீராக்கிக் கீழே விடுகின்றன. மழை பெய்யாத நாளிலும் மண்ணுக்கு நீர் கிடைப்பது இப்படித்தான். இதை முகில்காடு என்று சொல்வது அலங்காரப் பேச்சில்லை. முகில்தான் இந்தக் காட்டுக்குச் சாப்பாடு. ஓயாத காற்றிலும் குளிரிலும் வளர்வதால்தான் மரங்கள் குட்டையாக, முறுக்கிக்கொண்டு நிற்கின்றன.

பனிக்குள் மிருகங்களும் பறவைகளும் ஒளிந்துகொள்ளவில்லை. மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி இரண்டு எங்கள் தலைக்கு மேலேயே பழம் கொத்தின. வெள்ளைக்கண்ணிகள் கூட்டமாக ஒரு புதரிலிருந்து அடுத்த புதருக்குப் போயின. மங்கிய நீல நிறத்தில் ஈப்பிடிப்பான் ஒன்று ஒரே கிளைக்குத் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. அப்புறம் பெரிய குரைப்புச் சத்தம். நாய் என்று நினைத்துப் பேத்தி என் கையைப் பிடித்தாள். ஊதாமுக மந்தி. மலைக்குளிருக்காக அடர்ந்த முடி வளர்த்து, கரடிக்குட்டி போல இருந்தது. வெள்ளைத் தாடியோடு எங்களை ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போனது. மனிதர்களின் சத்தம் இல்லாததால் நெருங்கி வந்ததோ என்னவோ, எனக்கு அப்படித்தான் பட்டது. இந்த மலைக்காட்டில் ஒரு வகைத் தேவாங்கும் உண்டு. அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 2010இல் அதன் படம் வெளியானபோது பத்திரிகையில் பார்த்து நான் பள்ளிக்கூடத்தில் ஒட்டி வைத்திருந்தேன்.

உலக முடிவில் எதிரே வெள்ளைச் சுவர்தான். எண்ணூற்றுச் சொச்சம் மீற்றர் பள்ளம் காலடியில் இருப்பதே தெரியவில்லை. "காசு போச்சு" என்று சொல்லிக்கொண்டு ஒரு குடும்பம் திரும்பிப் போனது. நாங்கள் ரொட்டியும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறை பனி விலகி, கீழே தேயிலைத் தோட்டம் ஒன்றும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரைகளும் தெரிந்தன. உடனே மூடிக்கொண்டது.

அந்தக் கூரைகளைப் பார்த்ததும் எனக்கு வேறு நினைவு. கோப்பிக்கும் தேயிலைக்குமாக இந்த மலைக்காட்டை வெட்டிச் சாய்த்த கைகள் நம் பாட்டன் பூட்டன் கைகள். வெட்டச் சொன்னவர்கள் வேறு. 5,000 அடிக்கு மேலே உள்ள காட்டைத் தொடவேண்டாம் என்று 1873இல் ஜோசப் ஹூக்கர் என்ற தாவரவியல் அறிஞர் அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை, நானுஓயாவே 5,000 அடிக்கு மேல்தான். ஆனாலும் ஏழாயிரம் அடி உயரத்தில் இந்தச் சமவெளி மிஞ்சியது. 1988இல் தேசிய பூங்காவானது, 2010இல் உலக மரபுரிமையில் சேர்ந்தது. மொத்தம் 3,160 ஹெக்டயர். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது. அந்த மூடுபனியைத்தான் நாம் திட்டிவிட்டு வருகிறோம்.

காட்டில் பல இடங்களில் மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போயிருப்பதையும் கண்டோம். பல வருடங்களாக நடக்கிற விஷயம் இது. இலையும் பாசியும் போன மரம் முகிலைப் பிடிக்காது. அதன் கீழே நின்று பார்த்தேன், மேலே ஒன்றும் சொட்டவில்லை.

ஐயா, ஒரு வேண்டுகோள். தோட்டப் பாடசாலைகளில் முப்பது வருடம் படிப்பித்தவன் நான். பட்டிப்பொலையிலும் ஓஹியவிலும் இந்தக் காட்டின் ஓரத்திலேயே வளர்கிற பிள்ளைகளில் எத்தனையோ பேர் உள்ளே போனதில்லை. உங்கள் மாணவர் பக்கத்தில் இந்தப் பறவைகளையும் மிருகங்களையும் வாரம் ஒன்றாகப் படத்தோடு போடுங்கள். பேத்தி அன்று பார்த்த பதினொன்றையும் ஒரு கொப்பியில் வரைந்திருக்கிறாள். ஓணானுக்குக் 'கொம்பன்' என்றும் மந்திக்குக் 'கம்பளித் தாத்தா' என்றும் அவளே பெயர் வைத்திருக்கிறாள். மற்றவற்றுக்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாள். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் இருக்கும் பெரியவர்கள் இவற்றை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று தெரிந்தால் உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பட்டும். அவள் எழுதிக்கொள்வாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
நானுஓயா.