ஊசிக்கு முன்னால்

தாயி,

நேற்று நீ போனில் சொன்னதை நினைத்துக்கொண்டேதான் குஞ்சுப் பண்ணையில் மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றினேன். அப்பத்தாவின் பன்னிரண்டு ஆட்டுக்கும் ஸ்பாஞ்ச், அதான் ஹார்மோன் தோய்த்த பஞ்சு, உள்ளே வைத்து, ஊசி போட்டு, எல்லாவற்றையும் ஒன்றாகச் சினைப்படுத்தி ஒரே வாரத்தில் குட்டி போட வைக்கலாம் என்றாய். கால்நடை மருத்துவம் படிக்கிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்த ஊசி விஷயத்தில் நானும் கொஞ்சம் அடிபட்டவன்.

கடல்விரால் மீனுக்கு நாங்களும் ஹெச்.சி.ஜி. என்கிற ஹார்மோன் ஊசிதான் போடுகிறோம். 2010-இல் மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு எடுத்தார்களே, அதே வழிதான். பெண் மீனுக்குக் கிலோவுக்கு 500 யூனிட். கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரிலிருந்து எடுக்கிற மருந்து மீனுக்கு வேலை செய்கிறது என்றதும் உன் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. போட்டால் இரண்டு நாளுக்குள் முட்டை வந்துவிடும்.

ஆனால் எந்த மீனுக்குப் போடுவது? மயக்கி, மெல்லிய குழாய் விட்டு, கொஞ்சம் சினையை உறிஞ்சி மைக்ரோஸ்கோப்பில் அளப்போம். முட்டை 700 மைக்ரானை, அதாவது 0.7 மில்லிமீட்டரை, தாண்டியிருந்தால்தான் ஊசி. அந்தப் பருமன் ஒரு நாளில் வராது. எஸ்ட்ராடையால் என்கிற பெண் ஹார்மோன் போய் ஈரலைத் தூண்ட, ஈரல் மஞ்சள்கருவுக்கான புரதத்தை ரத்தத்தில் விட, முட்டை அதை இழுத்து இழுத்துச் சேர்த்துவைக்கும். தாயின் தைராய்டு ஹார்மோனும் அதோடு உள்ளே போகும். கரு உண்டான முதல் சில மணி நேரம் அதன் சொந்த மரபணு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. அதுவரை அம்மா கட்டிக்கொடுத்த சோறுதான். ஊசி பார்ப்பது கடைசி வேலை. விளைந்த முட்டையைப் பழுக்கவைத்து வெளியே விடுவது.

ஒரு வருஷம் நாங்கள் அவசரப்பட்டோம். குஞ்சுக்கு ஆர்டர் நெருக்கியது. சினை சிறுத்துக் கிடந்தும் ‘போட்டுப் பார்ப்போம்’ என்றார் முதலாளி. நானும் வாயைத் திறக்கவில்லை. போதாக்குறைக்கு அந்த மீனை வலையில் அரைமணி நேரம் விரட்டித்தான் பிடித்தோம். மிரண்ட மீனுக்குக் கார்டிசால் என்கிற பதற்ற ஹார்மோன் ஏறும், அது சினைக்கு ஆகாது. முட்டை வந்தது, வராமலில்லை. விடியலில் பீக்கரில் மொண்டு லைட்டுக்கு நேரே பிடித்தேன். நல்ல முட்டை கண்ணாடி மணி மாதிரி மேலே மிதக்கும், உள்ளே ஒரு எண்ணெய்த் துளி தெரியும். அன்றைக்கு முக்கால்வாசி வெள்ளை பூத்து, ரவை கொட்டியது போல அடியில் கிடந்தது. மிதந்த கொஞ்சத்திலும் செல் பிரிந்தது கோணல்மாணலாக. சாயங்காலத்துக்குள் அதுவும் அடியில். தொட்டியைக் கழுவினேன்.

ஆட்டுக்கும் இதுதானே கதை? ஸ்பாஞ்சும் ஊசியும் நேரத்தை ஒன்றாக்கும். முட்டைக்குச் சத்து அவற்றிலிருந்து வராது. கரு கருப்பைக்கு இறங்க நாலைந்து நாள் ஆகும் என்று நீதான் சொன்னாய். அப்போதும் அதற்கு அப்புறமும் கர்ப்பத்தைக் காக்கிற ஹார்மோனான தாயின் புரோஜெஸ்டிரோன்தானே தாங்கவேண்டும்?

நம் ராமநாதபுரம் வெள்ளை ஆடுகள் இப்போது விலா தெரியக் கிடக்கின்றன. புல் கிடையாது, சீமைக்கருவேலங்காயில்தான் ஓடுகிறது. மழை விழட்டும். புண்ணாக்கும் தவிடும் நான் வாங்கிப் போடுகிறேன். கார்த்திகையில் வந்து ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார், எலும்பு குத்தாத ஆட்டுக்கு மட்டும் வை.

அப்பத்தாவிடம் இதுவரை மூச்சு விடவில்லை. ஆட்டுக்குள் பஞ்சு வைக்கப்போகிறோம் என்பதை நீயே வந்து சொல்லிக்கொள்.

அப்பா