செயலாளரின் ஆண்டறிக்கை: தொடங்கிய சிகிச்சை நிற்கக் கூடாது

தலைவர் அவர்களுக்கும், தோட்டங்களிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும், நோயாளர் குடும்பங்களுக்கும் வணக்கம்.

நம் சங்கத்தின் மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆகவே, புற்றுநோய் சிகிச்சைக்கென்று வைத்தியர்கள் வகுத்திருக்கும் வழிகாட்டலை நம் லயங்களில் கடைசி நாள் வரை கடைப்பிடிக்க வைப்பது பற்றியே இங்கே அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

இலங்கையில் ஆண்களை அதிகம் தாக்குவது வாய்ப்புற்றுநோய். புகையிலை சேராத வெறும் பாக்கும் புற்றுநோயைத் தரும் என்பது 2004 முதல் உலகம் ஏற்றுக்கொண்ட முடிவு. காலையில் வேலைக்குப் பேர் பதியும் பிரட்டுக்களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் இதைச் சொல்லி வந்தோம். இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணையோ, வெள்ளை, சிவப்புத் திட்டையோ பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

எங்களை அதிகம் அலைய வைத்தது கரண்ட் வைத்தியம் என்று நாம் சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சைதான். வாய்க்கும் கழுத்துக்கும் என்றால் வார நாட்களில் தினமும், ஆறேழு வாரம் அது தொடரும். நடுவில் விட்டால் மிஞ்சியிருக்கும் புற்றணுக்கள் வேகமாகப் பெருகிவிடும். விட்ட நாட்களைக் கடைசியில் சேர்த்துக்கொண்டாலும் அதே பலன் வராது. மூன்றாவது வாரமளவில் வாய் முழுக்கப் புண்ணாகும். பலர் நிறுத்துவது அப்போதுதான். ஒரு அண்ணனின் வீட்டுக்கு நம் அங்கத்தவர் போனபோது கஞ்சி ஆறிக் கிடந்தது. “விழுங்க முடியல தம்பி, ஒரு வாரம் விட்டுட்டுப் போறேன்” என்றார். கொதித்தாறிய தண்ணீரில் உப்பும் அப்பச்சோடாவும் கலந்து அடிக்கடி கொப்பளிக்க வைத்து, வலிக்கு மருந்து கேட்கச் சொல்லி, மறுநாள் காலையிலேயே கூட்டிப் போனார்கள். அவர் முழுவதையும் முடித்துக்கொண்டார். அட்டனிலிருந்து கண்டிக்குப் போய் வரவே ஒரு பகல் சரியாகிவிடும், அன்றைக்குப் பேரும் விழாது, சம்பளமும் இல்லை. இதைத் தாங்கும் குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அடுத்தது காய்ச்சல். புற்றுநோய்க்கான மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அந்த நேரத்தில் 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றாலே அவசரம்தான். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த ஒரு மணித்தியாலத்துக்குள் கிருமிக்கொல்லி ஏற வேண்டும் என்பது விதி. பெனடோல் (பரசிட்டமோல்) போட்டு விடியும் வரை பார்ப்போம் என்று இருக்காதீர்கள். 1990 க்கு அழையுங்கள். சுவசரிய அம்பியுலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். இயன்ற வீடுகளுக்கு வெப்பமானி கொடுத்தோம், பார்க்கவும் பழக்கினோம்.

கடும் வலிக்குக் கொடுக்கும் மோர்ஃபின் என்றதும் “இது கடைசி மருந்தாச்சே” என்று குடும்பங்கள் கலங்குகின்றன. நோவு வரும்வரை காத்திராமல், வைத்தியர் சொன்ன நேரத்துக்கு நேரம் கொடுத்தால் நோயாளி நிம்மதியாகத் தூங்குவார். மலச்சிக்கலுக்கான மருந்தையும் கூடவே கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டுக்கு வீடு ஏறி இறங்கிய குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு மனமார்ந்த நன்றி.

வரும் ஆண்டில், கரண்ட் வைத்தியம் முடியும்வரை நோயாளியும் துணைக்கு ஒருவரும் கண்டியில் தங்கும் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும், வீட்டில் இருப்பவர்களுக்கு அரிசி, மா கொடுக்க வேண்டும் என்ற பிரேரணையைச் சபையின் அங்கீகாரத்துக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்