அப்பத்தா நிறுத்தும் இடம்

ரங்கூன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய ‘மிட்நைட் டிராவலர்’ படத்தை இரண்டு ராத்திரியாகப் பார்த்து முடித்தோம். பாதியில் கரண்ட் போய்விட்டது. “அந்தப் பிள்ளைங்க எல்லை தாண்டிருச்சுங்களா?” என்று உன் அம்மா இருட்டில் கேட்டுக்கொண்டே இருந்தாள். எனக்கு மட்டும் தெரியுமா என்ன?

2015-இல் தாலிபான் தன் தலைக்கு விலை வைத்த பிறகு ஆப்கான் பட இயக்குநர் ஹசன் ஃபாசிலி மனைவி, இரண்டு பெண் குழந்தைகளோடு ஓடிய கதை. ஈரான், துருக்கி, பல்கேரியா, செர்பியா என்று போன வழியெல்லாம் செல்போனிலேயே எடுத்திருக்கிறார். பெரியவள் மைக்கேல் ஜாக்சன் பாட்டுக்கு ஆடுவதை அம்மா திரும்பப் போடச் சொன்னாள். எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது வேறு இடம். சின்னவள் காணாமல் போகிறாளே, அது. தேடி ஓடும்போதே ‘இது படத்துக்கு எவ்வளவு நல்ல காட்சி’ என்று தனக்கு ஒரு நினைப்பு ஓடியதையும், அதற்காகத் தன்னையே வெறுத்ததையும் அந்த மனுஷனே சொல்லிவிடுகிறார்.

எனக்கு உடனே உன் அப்பத்தா ஞாபகம்தான். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டபோது அவளுக்கு ஏழு வயது. புரோமுக்குப் போய், அங்கிருந்து அரக்கான் மலை ஏறி, தவுங்குப்புக்கு நடந்தார்கள். அடுத்த சில மாதங்களில் நம் இந்தியச் சனம் நாலு லட்சத்துக்கும் மேல் பர்மாவை விட்டுப் போனது. வழியெல்லாம் காலரா. அப்பத்தாவின் இடுப்பில் ஒன்றரை வயசுத் தம்பி. மலையில் ஒரு ஓடைப் பக்கம் வரைக்கும் சொல்லுவாள். “அப்புறம் நடந்தோம்” என்று எழுந்துவிடுவாள். எப்போது கேட்டாலும் அதே இடம்தான்.

டேப் ரெக்கார்டர் வாங்கிய புதிதில் நான் விடவில்லை. “அப்புறம் என்னம்மா ஆச்சு?” என்று மூன்று தரம் கேட்கிறேன், கேசட்டில் இருக்கிறது. பதில் இல்லை. பாக்குவெட்டிச் சத்தம் மட்டும், நறுக் நறுக்கென்று, ரொம்ப நேரம். நல்ல கதை ஒன்று கைநழுவிப் போச்சே என்று அன்றைக்கு எனக்கு எரிச்சல். இப்போது நினைத்தால் கூசுகிறது.

2024-இல் இங்கே ராணுவ ஆட்சி கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தை அமலாக்கியதும் நீ பை தூக்கிக்கொண்டு கிளம்பினாயே, அந்த விடியற்காலை அம்மா போனை நீட்டி எடுக்கச் சொன்னாள். நான் எடுக்கவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் போகவில்லை.

சரி, கேசட்டை போனுக்கு மாற்றித்தர ஒரு பையன் ஒத்துக்கொண்டிருக்கிறான். பேச்சு இல்லாத இடத்தையெல்லாம் வெட்டிவிடட்டுமா என்று கேட்டான். அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வந்ததும் அனுப்புகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா