ஒன்றரைக் கிலோ

அன்புள்ள ரகு,

உன் கடிதம் கிடைத்தது. 2024 ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தில், பெல்ஜியத்தின் ஸ்பா ஓடுதளத்தில், எடை ஒன்றரைக் கிலோ குறைந்ததற்காக ஓட்டுநர் ரஸ்ஸலின் வெற்றியைப் பறித்தது அநியாயம் என்கிறாய். நான் ஒப்பமாட்டேன். எரிபொருள் இல்லாமல், ஓட்டுநரோடு சேர்த்து, கார் குறைந்தது 798 கிலோ இருக்க வேண்டும் என்பது அந்த ஆண்டின் விதி. ரஸ்ஸலின் கார் முதலில் சரியாக 798 காட்டியது. மிச்சமிருந்த 2.8 லிட்டர் எரிபொருளை வடித்ததும் 796.5. ஒரே டயர் மாற்றத்தோடு ஓடியதால் ரப்பர் நிறையத் தேய்ந்திருந்தது. ஸ்பாவில் ரேஸ் முடிந்தபின் முழுச் சுற்று கிடையாது என்பதால், பாதையில் உதிர்ந்து கிடக்கும் ரப்பரை டயரில் ஒட்டிக்கொண்டு வந்து எடையைக் கூட்டவும் வழியில்லை.

அதற்காக இரங்கலாம், விலக்கு தரக்கூடாது. 2005இல் இத்தாலியின் இமோலாவில் நடந்த பந்தயத்தை நினைத்துப் பார். பிஏஆர் அணிக்காக பட்டன் ஓட்டிய கார் 606.1 கிலோ இருந்தது. முழுக்க வடித்ததும் 594.6. விதியோ 600. டேங்குக்குள் இருந்த தனி அறையில் ஆறு கிலோ எரிபொருளாவது இல்லாவிட்டால் எஞ்சின் ஓடாது, எனவே அதுவும் காரின் எடைதான் என்று வாதாடினார்கள். ஸ்டூவர்டுகள் எனப்படும் பந்தய நடுவர்கள் ஏற்றார்கள், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. பட்டனின் மூன்றாமிடம் போனது. அணிக்கு அடுத்த இரண்டு ரேஸுக்கும் தடை. ரேஸின் நடுவே எரிபொருள் நிரப்ப அனுமதி இருந்த காலம் அது. எரிபொருளை எடையாகக் கணக்கில் எடுத்திருந்தால், நடுவில் இலேசாக ஓடிவிட்டுக் கடைசி பிட் நிறுத்தத்தில் ஊற்றி எடையைச் சரிக்கட்டியிருக்கலாமே!

எனக்கு உறுத்துவது விங் விவகாரம்தான், அதாவது காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கை. காற்றில் வளைந்து அசையக்கூடாது என்கிறது விதி. வளையாத பொருள் உலகத்தில் இல்லை, அதனால் சோதனைதான் எல்லையை வகுக்கிறது. சோதனையில் குறித்த இடத்தில் சுமை வைக்கிறார்கள். ஓடும்போது காற்று பரப்பு முழுவதையும் அழுத்துகிறது, வேகம் இரட்டித்தால் அந்த விசை நான்கு மடங்காகிறது. கார்பன் இழைகளை அடுக்கும் கோணத்தை மாற்றி, சோதனையில் விறைப்பாகவும், காற்றுத் தடை குறைய நேர்பாதையில் தணிந்தும் இருக்கும்படி செய்துவிடுகிறார்கள். 2025 ஸ்பெயின் பந்தயத்திலிருந்து, முன் விங்கின் இரு பக்கமும் 100 கிலோ ஏற்றினால் 15 மில்லிமீட்டர் வளையலாம் என்றிருந்தது 10 ஆனது. அது சரியான வழி. 2024இல் அஜர்பைஜானின் பாகுவில் மெக்லாரன் அணிக் காரின் பின் விங் எல்லாச் சோதனையும் தேறியது. ஆனாலும் அது ஓட்டத்தில் வளையும் வீடியோ பரவியபின் அணியிடம் பேசி மாற்ற வைத்தார்கள். தேறிய காரை அப்படி மாற்றச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. சோதனையை முதலில் திருத்தியிருக்க வேண்டும்.

2025 லாஸ் வேகஸில் ஓட்டுநர் நோரிஸின் பிளாங்க், அதாவது காரின் அடியில் பொருத்தும் பலகை, குறைந்தது 9 மில்லிமீட்டர் தடிமன் இருக்க வேண்டிய இடத்தில் 8.88 இருந்தது. வேண்டுமென்று செய்ததல்ல என்று ஸ்டூவர்டுகளே சொல்லியும் தகுதி நீக்கம்தான். அதையாவது ஏற்கிறாயா? எழுது.

அன்புடன்,
சேகர்