படத்துக்காகக் கழற்றிய கால்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளில் படைவீரரை எப்படி மதிக்கிறார்கள் என்று கடந்த ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைக் காலைத் தேநீரோடு வாசித்தேன். அமெரிக்காவில் நவம்பர் 11 படையில் பணியாற்றித் திரும்பியவர்களுக்கு உரியது, மே மாதத்தின் கடைசித் திங்கட்கிழமை உயிர்விட்டவர்களுக்கு உரியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்றெல்லாம் கட்டுரையாளர் விவரமாகவே எழுதியிருந்தார். கனடாவில் சட்டையின் இடப்பக்கத்தில் சிவப்புப் பொப்பிப் பூக் குத்திக்கொள்வதையும், அதன் மூலம் சேரும் பணம் முன்னாள் படையினருக்கும் குடும்பங்களுக்கும் போவதையும் சொல்லியிருந்தார். குறை சொல்வதற்கில்லை. ரொறன்ரோவில் இருக்கும் என் தங்கையும் அந்தப் பூவைக் குத்திக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். தேநீரைக் கசக்க வைத்தது கடைசி வரி. "எம்மவர்களுக்கு இந்தப் பண்பாடு இன்னும் வரவில்லை" என்று முடித்திருந்தார்.

யாருக்கு வரவில்லை, ஐயா?

முப்பத்தோர் ஆண்டுகள் தமிழ் படிப்பித்தவள் நான். போரில் விழுந்தவனுக்குக் கல் நடும் முறையைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என்று ஆறாக வகுத்துத் தொல்காப்பியர் புறத்திணையியலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது உங்களுக்குத் தெரியாததல்ல. போரில் இறந்த விடுதலைப் புலிகளைப் புதைத்த கனகபுரம் துயிலுமில்லத்தின் கல்லெல்லாம் நொறுக்கப்பட்ட பின்பும், கார்த்திகை மழைச் சேற்றில் நின்று, மாவீரர் நாளான நவம்பர் 27 மாலை 6.05க்குச் சுடர் ஏற்றும் தாய்மாரைத் தங்கள் நிருபரே படம் பிடித்து வருகிறார். இறந்தவரை மதிப்பது எப்படி என்று வன்னிக்கு எவரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. சாகாமல் திரும்பி வந்தவனை என்ன செய்வது என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. கட்டுரையாளர் அதைச் சொல்லியிருந்தால் நான் பேனா எடுத்திருக்க மாட்டேன்.

தங்கள் பத்திரிகையில் ஆறு மாதங்களுக்கு முன் வந்த ஒரு படம் உங்களுக்கு நினைவிருக்கும். நான்கு பேர் வரிசையாக நிற்க, நடுவில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருப்பார். நிற்கும் நால்வரும் சிரிப்பார்கள். இருப்பவர் சிரிக்க மாட்டார். அவர் என் அக்காவின் மகன், என் பெறாமகன்.

அவனுக்குச் சக்கர நாற்காலி தேவையில்லை. முழங்காலுக்குக் கீழேதான் கால் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் கால் பொருத்திக்கொண்டு நடக்கிறான், சைக்கிள் ஓடுகிறான், பாலை மரத்துக்குக் கீழே தகரம் போட்டுச் சைக்கிள் திருத்துகிறான். அன்றைக்கு அந்த நாற்காலியை அன்பளிப்பாகக் கொடுக்க வான் வண்டியில் வந்து இறங்கியவர்கள் முதலில் பதாகையைக் கட்டினார்கள். பிறகு அவனை நாற்காலியில் இருத்திப் பார்த்தார்கள். காற்சட்டைக்குள் இரண்டு காலும் இருப்பது போலத் தெரிந்தது. அவர்களுக்கு அது சரிப்படவில்லை. "தம்பி, அந்தக் காலைக் கழற்றிவிட்டு இருங்கோ, அப்பதான் படத்தில் விளங்கும்" என்றார் ஒருவர், மிகவும் அன்பாக. நான் அடுப்படி வாசலில் தேநீர்த் தட்டோடு நின்றேன். அவன் என்னை ஒரு தடவை பார்த்தான். வந்தவர்களின் மனம் நோகக் கூடாது என்று காலைக் கழற்றி என்னிடம் தந்தான். படம் எடுத்து முடியும்வரை அந்தக் காலை நான்தான் கையில் வைத்திருந்தேன். தேநீர் ஆறிப்போயிற்று. அவர்களும் குடிக்கவில்லை, அடுத்த வீட்டுக்குப் போக நேரமாகிவிட்டதாம்.

படத்தின் கீழே அவனுடைய முழுப்பெயர், கிராமம், 'முன்னாள் போராளி' என்ற பட்டம் எல்லாவற்றையும் அச்சிட்டீர்கள். நான் ஓய்வுபெற்றுப் பன்னிரண்டு ஆண்டுகளாகின்றன, என்னை எவரும் 'முன்னாள்' போட்டுக் கூப்பிடுவதில்லை. அவனுக்கு மட்டும் அது தலையெழுத்து. அவன் விரும்பிப் போனவனுமல்லன். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கத்தார் பிள்ளைகளைக் கொண்டுபோன காலத்தில், 2007இல் கொண்டுபோனார்கள். அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு குளறியது இன்னும் என் காதில் இருக்கிறது. விரும்பிப் போனவர்களும் இருந்தார்கள், அவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் மேடைக்கு இழுத்து "மாவீரத்தின் வாழும் சாட்சி" என்று சால்வை போடுகிறவர்கள், இவன் எந்த வகை என்று ஒருநாளாவது கேட்டார்களா? விழுப்புண் என்றால் மார்பிலும் முகத்திலும் படுவது, வீரனுக்கு அதுவே அணி என்று எத்தனை வகுப்புகளில் முழங்கியிருப்பேன்! சொந்தப் பிள்ளை செயற்கைக் கால் தெரியாமல் இருக்க நீளக் காற்சட்டை தேடி அலையும்போது அந்த அணியெல்லாம் வாய்க்கு வரவில்லை.

பத்திரிகை வந்த நான்காம் நாள் சாதாரண உடையில் இருவர் வந்தார்கள். காசு எங்கிருந்து வந்தது, கொடுத்தவர்களுக்கு வெளிநாட்டில் யார் என்று விசாரித்தார்கள். 2009இல் படையினரிடம் சரணடைந்து, அரசின் புனர்வாழ்வு முகாமில் இருந்து முடித்துக் கடிதத்தோடு வீடு வந்தவனுக்கு இந்தக் கேள்விகள் புதியவையல்ல. ஆனால் இம்முறை அவர்களின் கையில் தங்கள் பத்திரிகை இருந்தது.

அதையும் விடுங்கள். அவன் மகள் ஆறாம் வகுப்பு. பாடசாலைச் செய்திப் பலகையில் அந்தப் பக்கத்தை யாரோ வெட்டி ஒட்டிவிட்டார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, உங்களுக்குக் கால் இருக்கிறதுதானே, ஏன் இல்லாத மாதிரி இருந்தீர்கள்?" என்று கேட்டாள். அவன் பதில் சொல்லவில்லை. அந்தப் பலகையைப் பாடசாலையில் தொடங்கிவைத்தவள் நானேதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவளுக்கு வலக்கையில் மூன்று விரல்கள் இல்லை. மூன்று அமைப்புகள் மூன்று தையல் மெசின் கொடுத்திருக்கின்றன, மூன்று தடவையும் படம் எடுத்தார்கள். கோழி வளர்க்கக் கம்பிவலை கேட்டாள். அது திட்டத்தில் இல்லையாம்.

அரசாங்கம் கொண்டாடுகிற அதன் படையினருக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? குண்டு துளைத்த சுவரிலிருந்து தாமரை முளைப்பதாகக் கிளிநொச்சி நகரின் நடுவில் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். அந்தப் படையில் இருந்து 12 ஆண்டுச் சேவை முடியுமுன் ஊனமானவர்கள் 2017இல் ஓய்வூதியம் கேட்டுக் கொழும்புக் கோட்டையில் தெருவில் இருந்தார்கள். அவர்களும் யாரோ ஒரு தாயின் பிள்ளைகள். கல்லுக்குச் செலவழிக்க எந்தப் பக்கத்தாருக்கும் காசு இருக்கிறது.

எப்படி மதிப்பது என்று கட்டுரையாளர் உண்மையாகவே அறிய விரும்பினால் ஒருநாள் அந்தப் பாலை மரத்தடிக்கு வரட்டும். டியூப் ஓட்டையை ஒட்டிக் கொடுக்க, ஒட்டுக்கு நூறு ரூபா வாங்குகிறான். ஊரில் சிலர் ஒட்டிக்கொண்டு, "நாளைக்குத் தருகிறேன் தம்பி" என்று போவார்கள், அந்த நாளை வராது. சென்ற ஆவணியில் விடுமுறையில் வந்த ஒருவர் ஐந்நூறு ரூபாத் தாளை நீட்டி, "மிச்சத்தை வைத்திருங்கள், நீங்கள் எங்களுக்காகக் கால் கொடுத்தவர்" என்றார். இவன் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துவிட்டு நான்கு நூறு ரூபாத் தாள்களை ஒவ்வொன்றாக எண்ணி அவர் கையில் வைத்தான். "அண்ணை, ஒட்டு நூறுதான்" என்றான். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நல்ல மனிதர்தான், பாவம். அடுத்த வாரம் பிள்ளைகளின் இரண்டு சைக்கிள்களையும் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் கணக்குக் கேட்டு, சொன்ன காசைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு எதுவும் பேசவில்லை. அன்றிரவு அவன் வழக்கத்தை விட ஒரு பிடி கூடச் சாப்பிட்டான்.

இவ்வளவு எழுதிவிட்டுக் கேட்கப்போவது சின்ன விடயம், சிரித்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் செயற்கைக் கால் உரசி, கால் முடிகிற இடம் புண்ணாகிவிடும். அப்போது ஊன்றுகோல்தான். அதன் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். எங்கள் கிரவல் வீதியில் அது மூன்று நான்கு மாதத்தில் தேய்ந்து ஓட்டை விழுந்துவிடும், பிறகு ஈரச் சீமெந்தில் கோல் வழுக்கும். பழைய டியூப்பை வெட்டி வைத்துக் கட்டிச் சமாளிக்கிறான். கிளிநொச்சியில் நான் ஏறி இறங்கிய கடைகளில் முழு ஊன்றுகோல் விற்கிறார்கள், மூடி தனியாக இல்லை என்கிறார்கள். எங்கே கிடைக்கும் என்று தங்கள் வாசகர் எவருக்காவது தெரிந்தால் இந்தப் பகுதியிலேயே எழுதட்டும். எங்கள் ஒழுங்கைக்கு மட்டும் பதினொரு மூடி வேண்டும், காசு கொடுத்தே வாங்கிக்கொள்வோம். இனி இப்படியான படங்கள் வந்தால் கொடுப்பவர்களின் முகத்தை எவ்வளவு பெரிதாகவேனும் போடுங்கள். வாங்குபவரின் பெயரையும் முகத்தையும் அவரிடம் கேட்காமல் போடாதீர்கள்.

அந்தச் சக்கர நாற்காலி புதிதாகவே எங்கள் விறாந்தையில் இருக்கிறது. உண்மையில் நடக்க முடியாத ஒருவருக்குத் தேவை என்றால் வந்து எடுத்துச் செல்லலாம். ஒரு சக்கரத்தில் மட்டும் காற்று நிற்கவில்லை. தம்பி ஒட்டிக் கொடுப்பான், நூறு ரூபாவைக் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருத்தி,
தர்மபுரம், கிளிநொச்சி.