காலி வாசலில் எரிந்த விளக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் பேட்டரி கேமராக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வயர் இழுக்க வேண்டாம், சுவரில் இரண்டு துளை போட்டு மாட்டினால் போதும், ஸ்மார்ட் ஹோமோடு சேர்த்துவிட்டால் மிச்சத்தை வீடே பார்த்துக்கொள்ளும் என்று எழுதியிருந்தீர்கள். நான் 22 வருடமாக வீட்டு வயரிங் வேலை பார்க்கிறேன். கேமராவும் மாட்டிக் கொடுக்கிறேன். "வீடே பார்த்துக்கொள்ளும்" என்ற அதே பேச்சை நம்பித்தான் போன வருடம் என் வீட்டிலும் ஒன்று மாட்டினேன். நடந்ததை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என் அம்மாவுக்கு 78 வயது. மறதி நோய். பகலில் யாராவது கூடவே இருப்போம். இரவில்தான் சிரமம், திடீரென்று எழுந்து எங்கோ கிளம்பிவிடுவார். கதவை வெளியே பூட்டி வைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. தீ, புகை என்று ஏதாவது ஆனால் பூட்டிய கதவு இன்னும் ஆபத்து. அதனால் பின்வாசல் கதவுக்கு மேலே, கேட்டைப் பார்த்தாற்போல் ஒரு பேட்டரி கேமராவை மாட்டினேன். அசைவு தெரிந்தால் வாசல் விளக்கு எரிய வேண்டும், எங்கள் அறையில் மணி அடிக்க வேண்டும் என்று செயலியில் ஆட்டோமேஷன் போட்டேன். கேட்டில் இருந்து நானே ஐந்தாறு முறை நடந்து வந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விளக்கு எரிந்தது, மணி அடித்தது. சரி, இனி நிம்மதியாகத் தூங்கலாம் என்று நினைத்தோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு நாள், இரவு 2:40க்கு மணி அடித்தது. போனை எடுத்துப் பார்த்தேன். 11 விநாடி வீடியோ. அதில் யாரும் இல்லை. பூனையாக இருக்கும் என்று படுத்துவிட்டேன். நாலு மணிக்கு என் மனைவி தண்ணீர் குடிக்க எழுந்தபோதுதான் அம்மாவின் கட்டில் காலியாக இருப்பதைப் பார்த்தார். விடியும் நேரத்தில், மூன்று தெரு தள்ளி ஒரு வீட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரைக் கண்டுபிடித்தோம். காலில் செருப்பு இல்லை. பாதத்தில் சிராய்ப்பு. வேறு ஒன்றும் ஆகவில்லை.

அந்த 11 விநாடியை அதற்கப்புறம் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று தெரியாது. முதல் ஃப்ரேமிலேயே கேட் பாதி திறந்து, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். ஒன்பதாவது விநாடியில் விளக்கு எரிகிறது. அம்மா போய்விட்ட காலி வாசலில் எரிகிறது.

கேமரா பழுதில்லை. அது எப்படி வேலை செய்ய வேண்டுமோ அப்படித்தான் செய்திருக்கிறது. எனக்குத்தான் அதன் வேலை என்னவென்று புரியாமல் இருந்தது. வயரிங் தெரிந்த எனக்கே இந்த நிலை என்றால், கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கிப் போகிறவர்கள் என்ன செய்வார்கள்?

பேட்டரி கேமரா நாள் முழுக்கத் தூங்குகிறது. இதைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. ஒரு சின்னக் கணக்கு போட்டாலே தெரிந்துவிடும். 5,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி, 3.6 வோல்ட். பெருக்கினால் 18 வாட்-மணி. கேமரா விழித்துப் படம் பிடித்து வைஃபையில் அனுப்பும்போது சுமார் 2 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடாமல் ஓடினால் 9 மணி நேரத்தில் பேட்டரி காலி. அதே பேட்டரி 6 மாதம் வரும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். 180 நாளுக்கு 18 வாட்-மணி, அதாவது நாளைக்கு 0.1 வாட்-மணி. 2 வாட்டில் அது 3 நிமிடம். ஒரு நாளில் 3 நிமிடம் விழித்திருக்கிற கண்ணைத்தான் நாம் காவலுக்கு வைக்கிறோம். மிச்ச 23 மணி 57 நிமிடமும் பிஐஆர் என்கிற ஒரு குட்டி சென்சார்தான் முழித்திருக்கிறது.

இந்த பிஐஆர் படம் பார்ப்பதில்லை, உடம்புச் சூட்டைப் பார்க்கிறது. அதன் முன்னால் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் லென்ஸ், எதிரே உள்ள இடத்தைப் பட்டை பட்டையாகப் பிரிக்கிறது. சூடான உடம்பு ஒரு பட்டையில் இருந்து அடுத்ததற்குத் தாண்டும்போதுதான் அதற்கு அசைவு தெரியும். குறுக்கே நடந்தால் சட்டென்று பிடிக்கும். நேராக நம்மை நோக்கி வந்தாலோ, நேராக விலகிப் போனாலோ பட்டைகள் மாறுவது குறைவு, அதனால் தாமதமாகத்தான் பிடிக்கும். நான் கேமராவைக் கதவுக்கு மேலே வைத்து, கேட்டுக்கு நேராகத் திருப்பியிருந்தேன். அம்மா அதற்கு முதுகைக் காட்டி நேர்கோட்டில் நடந்திருக்கிறார். கேட்டைத் தாண்டித் திரும்பும்போதுதான் சென்சார் உணர்ந்திருக்கிறது. கேமரா விழித்துப் பதிவைத் தொடங்க இன்னும் ஒரு நொடி, ஒன்றரை நொடி. அவ்வளவுதான், ஆள் இல்லை.

நான் சோதித்துப் பார்த்தபோது மட்டும் எப்படி வேலை செய்தது? அடுத்தடுத்து நடந்து பார்த்ததால் கேமரா ஏற்கெனவே விழித்திருந்திருக்கும். வெளிச்சத்தில், நல்ல வைஃபையில், நானே எதிர்பார்த்து நின்று செய்த சோதனை அது. இப்போது யாருக்கு மாட்டிக் கொடுத்தாலும் அரை மணி நேரம் அதை அப்படியே விட்டுவிட்டு, அப்புறம்தான் நடந்து காட்டச் சொல்கிறேன்.

வெயில் காலத்தில் சுவரும் தரையும் உடம்புச் சூட்டுக்குக் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டால் பிஐஆருக்கு வித்தியாசம் தெரிவது இன்னும் கஷ்டம். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் சுத்தமாகத் தெரியாது, அந்தக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். 

அடுத்தது அந்த ஒன்பது விநாடி. என் கேமராவுக்கும் விளக்குக்கும் நடுவே 4 மீட்டர்கூட இல்லை. ஆனால் சேதி அந்த வழியில் போகவில்லை. கேமராவில் இருந்து இணையம் வழியாக அதைச் செய்த நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து ஸ்மார்ட் ஹோம் நிறுவனத்தின் சர்வருக்கு. அது ஆட்டோமேஷனைப் பார்த்து, திரும்ப என் வீட்டு விளக்குக்குக் கட்டளை அனுப்புகிறது. அன்றைக்காவது இணையம் இருந்தது. அது இல்லாத இரவாக இருந்திருந்தால் மணியே அடித்திருக்காது.

அந்தப் பயத்தில் நான் செய்த அடுத்த காரியமும் தப்பாகத்தான் போனது. தூங்காமல் பார்க்கட்டும் என்று, வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஹோம் அசிஸ்டன்ட் என்ற ஸ்மார்ட் ஹோம் மென்பொருளில் அந்தக் கேமராவைச் சேர்த்து, சில நொடிக்கு ஒரு படம் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்கும் அதைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. மூன்றாம் நாள் பேட்டரி செத்துக் கிடந்தது.

வயர் கேமராவில் இந்தக் கூத்து இல்லை. 1998இல் வந்த ஆர்டிஎஸ்பி, 2008இல் கேமரா நிறுவனங்கள் சேர்ந்து தொடங்கிய ஆன்விஃப் என்று, கேமரா மற்றக் கருவிகளோடு பேசுவதற்கான பொது முறைகள் இருக்கின்றன. எந்த நிறுவனத்தின் வயர் கேமராவாக இருந்தாலும் இவற்றில் ஒன்று இருந்தால், வீட்டுக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டரில் இணைத்து, இணையம் இல்லாமலே பார்க்கலாம். பேட்டரி கேமராக்களில் பெரும்பாலானவை இவற்றைத் தருவதில்லை. எந்த நேரமும் யாராவது கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாலே பேட்டரி தீர்ந்துவிடும் என்பதுதான் காரணம், அது நியாயமும்கூட. சில நிறுவனங்கள் வீட்டுக்குள் மின்சாரத்தில் ஓடும் ஹப் என்ற ஒரு இணைப்புப் பெட்டியை வைத்து, கேமராவுக்குப் பதிலாக அதைப் பேச வைக்கின்றன. பேட்டரி கேமராதான் வேண்டும் என்றால் நான் சிபாரிசு செய்வது இந்த வகையைத்தான்.

எல்லா நிறுவனப் பொருள்களும் ஒன்றோடொன்று பேச வேண்டும் என்று 2022இல் மேட்டர் என்ற பொது முறை வந்தது. அப்போது அதில் கேமராவுக்கு இடமில்லை. 2025 நவம்பரில் வந்த 1.5 பதிப்பில்தான் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதற்கு முன்னால் செய்து விற்ற கேமராக்கள் எல்லாம் தானாக அதற்கு மாறிவிடாது. பெட்டி மேல் உள்ள "இதோடு இணையும், அதோடு இணையும்" முத்திரைகளையும் அப்படியே நம்ப முடியாது. வாயால் சொன்னால் திரையில் படம் காட்டும் என்பது மட்டுமே சில முத்திரைகளுக்கு அர்த்தம். கேமரா பார்த்த அசைவைக் கொண்டு விளக்கைப் போடலாமா, மணியை அடிக்கலாமா என்பது வேறு கேள்வி. அதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

இப்போது என் வீட்டில் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்கிறேன். பின்வாசல் கதவில் காந்த சென்சார் ஒன்றை ஒட்டினேன். நிலையில் கட்டை விரல் அளவு ஒரு துண்டு, கதவில் அதில் பாதி. ஒரு பட்டன் செல்லிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஓடும், ஏனென்றால் அது சொல்வது "திறந்தது", "மூடியது" என்ற இரண்டே வார்த்தை. ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் வயர் இல்லாமல் பேசும் முறையில் வீட்டுக்குள் இருக்கும் ஹப்பிடமே நேராகச் சொல்கிறது. ஆட்டோமேஷனும் அங்கேயே ஓடுகிறது. கதவு விரல் கனத்துக்குத் திறந்ததும் அறையில் மணி அடிக்கிறது, நடைபாதை விளக்கு மெதுவாக எரிகிறது. மெதுவாக என்பதை வேண்டுமென்றே வைத்தேன். சட்டென்று வெளிச்சம் வந்தால் அம்மா மிரண்டு போகிறார். இணைய வயரைப் பிடுங்கி வைத்துவிட்டும் சோதித்தேன், மணி அடித்தது.

கேமராவைக் கழற்றிப் பக்கவாட்டுச் சுவருக்கு மாற்றினேன். இப்போது கதவில் இருந்து கேட்டுக்குப் போகிறவர் அதற்குக் குறுக்கேதான் நடக்க வேண்டும். கதவு திறந்ததும் ஹப்பே அதை எழுப்பிவிடுகிறது. முதலில் எழுப்பும் வேலை கேமராவுக்கு இல்லை. யார், எந்தப் பக்கம் போனார் என்று காட்டுவதோடு சரி. பேட்டரி 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் மறுநாள் காலையில் என் போனுக்குச் சேதி வரும்படியும் வைத்திருக்கிறேன்.

அம்மாவின் அறைக்குள்ளும் ஒரு கேமரா வைத்துவிடு என்று உறவினர்கள் சொன்னார்கள். வைக்கவில்லை. 2024 பிப்ரவரியில் வைஸ் என்ற நிறுவனத்தின் கேமராக்களில் கோளாறு வந்தபோது சுமார் 13,000 பேருக்கு வேறு யார் யார் வீட்டுப் படங்களோ தெரிந்தன. என்னைப் பெற்று வளர்த்தவர் உடை மாற்றுவது முகம் தெரியாத ஒருவர் போனில் தெரியக்கூடும் என்றால் அந்தப் பாதுகாப்பு எனக்கு வேண்டாம். காந்த சென்சாருக்கு அம்மா யாரென்றே தெரியாது. எனக்கு அது போதும்.

இந்தக் கேமராக்களைச் செய்கிறவர்கள் பெட்டியின் மேல் நாலு விஷயத்தை எழுதட்டும். அசைவு தெரிந்ததில் இருந்து பதிவு தொடங்க எவ்வளவு நேரம் ஆகும்? இணையம் இல்லாவிட்டால் எது வேலை செய்யும், எது செய்யாது? 6 மாதம் என்றால் நாளைக்கு எத்தனை முறை, எத்தனை விநாடி விழித்தால் 6 மாதம்? ஸ்மார்ட் ஹோமுக்குப் படம் மட்டும் போகுமா, அசைவுச் சேதியும் போகுமா? மருந்து அட்டையில் எழுதுவது போல இதையும் எழுத முடியும். இவையெல்லாம் அவர்களுக்குத் தெரிந்த எண்கள்தான்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள், ஐயா. அடுத்த முறை இப்படி ஒரு கேமராவைப் பற்றி எழுதும்போது, உங்கள் நிருபர் அதை ஒரு இரவு முழுக்கத் தொடாமல் விட்டுவிட்டு, விடியற்காலையில் அதற்கு முதுகைக் காட்டியபடி நடந்து பார்க்கட்டும். அப்புறம் வைஃபை பெட்டியின் இணைய வயரைப் பிடுங்கிவிட்டு இன்னொரு முறை நடக்கட்டும். கிடைத்த விநாடிகளை அப்படியே அச்சிடுங்கள். வீட்டில் வயதானவரையோ குழந்தையையோ வைத்துக்கொண்டு இதை வாங்கப் போகிறவருக்கு மெகாபிக்சல் கணக்கைவிட அதுதான் உதவும்.

போன செவ்வாய்க்கிழமை இரவும் மணி அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். அம்மா கதவுப் பிடியில் கை வைத்தபடி நின்றுகொண்டிருந்தார். கதவு ஒரு கை நுழையும் அளவுக்குத்தான் திறந்திருந்தது.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"உங்கப்பா வர்ற நேரம்டா. கேட்டைத் திறந்து வைக்கணும்."

அப்பா போய் ஒன்பது வருடம் ஆகிறது. நான் கதவைச் சாத்தவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தோம்.

அம்மாவை நினைத்து என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், ஒரு வயர்மேன்